அலர் தூற்றும் வாயும் அடிக்குக் கைதட்டும் கையும்



கோதையாற்றின் குறுக்கே 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது பேச்சிப்பாறை அணை. நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நீரூட்டும் அந்த அணையைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் இரப்பர்த் தோட்டங்கள் விரிந்து கிடக்கின்றன. அத் தோட்டங்களிற் பால்வெட்டும் தொழிலாளர் பொழுது புலருமுன் எழுந்து மரத்தடிக்குச் சென்றாக வேண்டும். அண்மையில் அவ்வூர்த் தேநீர்க்கடையொன்றில் நம் அன்பர் சிலரோடு அமர்ந்திருந்தபோது, கண் சிவந்திருந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரை, “உறக்கமில்லையோ?” என்று உசாவினோம். “கைப்பேசியில் ‘வதந்தி’ பார்த்தேன், அண்ணாச்சி. அந்தப் பிள்ளையைக் கொன்றவன் யாரென்று தெரியாமல் எப்படி உறங்குவது?” என்றார் அவர்.

அவர் வாய் திறந்ததும் கடையிலிருந்த அனைவரும் வாய் திறந்தனர். “நம் மாவட்டத்தைக் கொலைக்களமாகக் காட்டிவிட்டார்கள்” என்று ஒருவர் சினந்தார். “இருப்பதைத்தானே காட்டினார்கள்?” என்று மற்றொருவர் மறுத்தார். “எங்கள் பேச்சு அவர்கள் வாயில் முழுதாக வரவில்லை” என்று மூன்றாமவர் குறைப்பட்டார். நாலாமவர் ஒருவர், “இதுவெல்லாம் என்ன? ‘விலங்கு’ பார்த்தீர்களா? நிலையத்தில் வைத்துச் சாத்துகிற சாத்தில்தான் உண்மை வெளிவரும்” என்று கூறிக் கையையும் தட்டினார். அந்தக் கைதட்டலோசை நம் காதைவிட்டு இன்னும் அகலவில்லை. இவ் வாசிரியவுரை எழுந்ததற்கு அதுவே கரணியம்.

இணையவழித் தொலைக்காட்சி வந்தபின் தமிழிற் குற்றவியல் தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. 2022ஆம் ஆண்டு ஒன்றிலேயே பெயர் பெற்றவை மூன்று. பிப்பிரவரியிற் பிரசாந்து பாண்டியராசு இயக்கிய ‘விலங்கு’ வந்தது. சூனிற் புட்கர் – காயத்திரி இணையர் படைப்பில் ‘சுழல்’ வந்தது. திசம்பர் 2ஆம் நாள் ஆண்ட்ரூ லூயிசு இயக்கிய ‘வதந்தி’ வந்தது. முன்னது திருச்சி மாவட்டத்துக் காவல் நிலையமொன்றை அடியொற்றியது. நடுவிலது மலையடிவாரத் தொழிற்சாலை ஊரொன்றையும் மயானக் கொள்ளைத் திருவிழாவையும் களமாகக் கொண்டது. பின்னதோ நம் குமரி மாவட்டத்திலேயே நிகழ்வதாகப் புனையப்பெற்றது. திரைப்படத்தில் மூன்று மணி நேரத்திற்குள் அடங்காத ஊரும் வீடும் நிலையமும் இத் தொடர்களில் இடம்பெறுகின்றன. காவலர் இதில் வானத்திலிருந்து குதிக்கும் வீரரல்லர்; கடன்பட்டவராக, குடும்பத்தாரோடு பூசலிடுபவராக, மேலதிகாரிக்கு அஞ்சுபவராக வருகின்றனர். இந்த நடப்பியல் தமிழ்க் கலைக்கு வளர்ச்சியே என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை.

ஆயின், முதற்கண் பெயரைப் பாருங்கள். ‘விலங்கு’ நல்ல தமிழ். கொடிய விலங்கையும் கைவிலங்கையும் ஒரு சொல்லாற் குறித்த நயமும் உண்டு. ‘சுழல்’ நல்ல தமிழ்; ஆனால் ‘தி வோர்ட்டெக்சு’ என்று ஆங்கில வாலொன்றை அதற்கு ஒட்டவைத்தார்கள். ‘வதந்தி’யோ தலையும் தமிழன்று, வாலும் தமிழன்று. ‘தி ஃபேபிள் ஆஃப் வெலோனி’ என்பது வால். தலையாகிய வதந்தி, வடமொழியில் ‘வத்’ என்னும் வினையடியிற் பிறந்து, ‘சொல்கிறார்கள்’ என்று பொருள்படுவது. சொல்பவர் யாரென்று சொல்லாமல் ‘சொல்கிறார்கள்’ என்பதே அச் சொல்லின் முழுப் பொருள்.

இதற்குத் தமிழிற் சொல்லில்லையா? ஒன்றன்று, இரண்டு உண்டு. அவை ஒன்றற்கொன்று வேறுபட்டும் நிற்கின்றன. வாய்க்குள்ளேயே முணுமுணுக்கப்பட்டு, இன்னும் வெளிப்படாத ஊர்ப்பேச்சு அம்பல். அது முகைவிரிந்து தெருவெல்லாம் பரவிவிட்டால் அலர். அம்பல் அரும்பு, அலர் மலர். ஒரு பொய் எந்நிலையில் இருக்கிறது என்பதைக் கூடப் பிரித்துப் பெயரிட்ட மொழி இது. குறளில் ‘அலர் அறிவுறுத்தல்’ என்று ஒரு தனி அதிகாரமே இருக்கின்றது. கழக இலக்கியத்தின் அகப்பாடல்களில் அலருக்கு அஞ்சி நடுங்குபவள் பெரும்பாலும் பெண்தான். ஊர்ப்பெண்டிர் வாய்க்கு அஞ்சித் தாய் அவளை வீட்டிற்குள் அடைக்கின்றாள். தலைவன் தேரேறித் திரிகின்றான்; அலர் அவளையே சுடுகின்றது. ஈராயிரம் ஆண்டு கடந்தும் இந்தக் கணக்கு மாறவில்லை என்பதே நாம் நாண வேண்டிய செய்தி.

‘வதந்தி’த் தொடரின் உட்கிடையும் இதுதான். வெலோனி என்னும் இளம்பெண் பிணமாகக் கிடக்கின்றாள். அவள் யாரென்று அறியுமுன்பே ஏடுகளும் ஊரும் ஆளுக்கொரு கதை கட்டுகின்றன. அவள் பிறந்த ஆங்கில-இந்தியக் குடியும், தாய் நடத்தும் விடுதியும், அவள் அழகும் கதைகட்டுவோர்க்குக் கைப்பொருளாகின்றன. எசு. சே. சூர்யா நடிக்கும் காவல் உதவி ஆய்வாளர் அக்கதைகளை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு அவளைத் தேடுகின்றார். கொலையுண்டவள் ஒருமுறை செத்தாள். அலர் அவளை நாடோறும் கொல்கின்றது என்பதே அத் தொடர் சொல்ல வந்தது.

இதைப் பார்த்த நாம் என்ன செய்தோம்? தொடர் முடியுமுன்பே, “அவள் நடத்தை எப்படி?”, “தாய்தான் செய்திருப்பாள்”, “இவனோடு அவளுக்கு என்ன?” என்று கடைதோறும் பேசினோம். அலரைப் பழித்த கதையையே அலராக்கி உண்டோம்! கற்பனைப் பெண்ணைப் பற்றிப் பேசியதால் யாருக்கு என்ன கேடு என்பீர்கள். கற்பனையிற் பழகிய வாய்தான் மெய்யிலும் பேசுகின்றது. மறுநாள் செய்தித்தாளில் ஓர் ஊர்ப்பெண் கொலையுண்டாள் என்று வந்தால், அதே கடையில், அதே இருக்கையில், அதே கேள்விகள் எழுகின்றன. “அந்நேரத்தில் அவள் அங்கு ஏன் போனாள்?” என்பதே முதற் கேள்வி. கொன்றவனைப் பற்றிய கேள்வி கடைசியில் வந்தால் உண்டு.

வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை வெளியிடலாகாது என்று முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 228-அ பிரிவு கூறிற்று. 2024 சூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தின் 72ஆம் பிரிவும் அதையே கூறுகின்றது. இறந்துபோனவள் பெயரையும் வெளியிடலாகாது என்று 2018ஆம் ஆண்டிலேயே உச்ச நயன்மன்றம் தெளிவுறுத்திவிட்டது. ஆனால், சட்டம் அச்சுப்பொறியைத் தடுக்கலாம். கைப்பேசியில் படத்தைத் தள்ளிவிடும் விரலை எத்தனை காவலர் காப்பது? அணையைத் திறந்துவிட்டால் நீர் செல்ல வாய்க்காலுண்டு. வேண்டாதபோது மடையை அடைக்கலாம். வாயிலிருந்து திறந்துவிட்ட பொய்க்கு வாய்க்காலும் இல்லை, மடையும் இல்லை.

இனி, அந்தக் கைதட்டலுக்கு வருவோம்.

‘விலங்கு’ காவல் நிலையத்தின் உட்புறத்தை ஒளிக்காமற் காட்டிற்று. அங்கு உசாவல் என்ற பெயரால் நடப்பது என்னவென்பதை மக்கள் கண்டார்கள். கண்டு நடுங்கியிருக்க வேண்டும். நடுங்கினோரும் உளர். ஆனால் மகிழ்ந்தோரும் உளர் என்பதை நாம் நேரிலேயே கண்டோம். அடித்தால்தான் உண்மை வரும் என்ற நம்பிக்கை நம் மக்களிடம் ஆழ வேரூன்றியிருக்கின்றது. அடித்தால் வருவது உண்மையன்று. அடிப்பவன் கேட்க விரும்பும் சொல் அது. வெள்ளையனே இதை அறிந்திருந்தான். காவலரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்திற்குச் சான்றாக்கலாகாது என்று 1872ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் எழுதிவைத்தான். 2023ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் அவ் விலக்கு 23ஆம் பிரிவாக நிற்கின்றது. அயலான் ஆட்சியின் சட்டமே நம்பாத அடியைத் தமிழன் நம்பிக் கைதட்டுகின்றான்!

நமக்கு அண்டையிலுள்ள தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தை அதற்குள் மறந்துவிட்டோமா? 2020 சூன் 19ஆம் நாள், ஊரடங்கு நேரத்திற் கடை திறந்திருந்ததாகச் சொல்லிச் செயராசு என்னும் வணிகரையும் அவர் மகன் பென்னிக்சையும் காவலர் கொண்டுசென்றனர். சில நாள்களில் இருவரும் பிணமாயினர். நிலையத்தில் இரவெல்லாம் நடந்ததை அங்குப் பணிசெய்த தலைமைக் காவலர் ஒருவரே, ஒரு பெண், அஞ்சாது நயன்மன்ற நடுவரிடம் எடுத்துரைத்தார். அவ்வாண்டு திசம்பர் 2ஆம் நாள், நாட்டிலுள்ள காவல் நிலையம் ஒவ்வொன்றிலும் கண்காணிப்புக் காட்சிக் கருவி பொருத்த வேண்டுமென்று உச்ச நயன்மன்றம் ஆணையிட்டது. அந்தத் தந்தையும் மகனும் கொலைகாரரல்லர், கொள்ளையரல்லர். நம்மைப் போற் கடை நடத்தி உண்டவர். அன்று தெருவில் இறங்கிக் கதறிய அதே தமிழன், இரண்டாண்டு கழியுமுன் திரையில் அதே அடியைக் கண்டு கைதட்டுவானாயின், அவன் அழுதது அடிக்காகவா, அடிபட்டவன் தனக்குத் தெரிந்தவன் என்பதற்காகவா? ஒவ்வொரு தமிழனும் தன் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

குமரி மண்ணுக்கு இதில் ஒரு தனிக் கடப்பாடு உண்டு. 1954 ஆகத்து 11ஆம் நாள், தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டுமென்று போராடிய தமிழர்மீது திருவிதாங்கூர்–கொச்சிக் காவல்துறை மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துமுக்கிச் சூடு நடத்திற்று. அவ்விடங்களிற் சிந்திய குருதியின்மீதுதான் 1956 நவம்பர் முதல் நாள் இம் மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. மார்சல் நேசமணி முதலானோர் முன்னின்று நடத்திய அப் போராட்டத்தில், தடியடி என்றால் என்ன, பொய்வழக்கு என்றால் என்ன என்பதை நம் பாட்டன்மார் உடம்பிலேயே எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். அவர்தம் பேரப்பிள்ளைகள் தடிக்குக் கைதட்டுவது தகுமா?

“நம் மாவட்டத்தை இழிவுபடுத்தினார்கள்” என்று சினந்த அன்பருக்கும் ஒன்று சொல்வோம். இழிவு எது என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும். 2021இல் ‘தி ஃபேமிலி மேன்’ தொடரின் இரண்டாம் பகுதி ஈழத் தமிழரைக் கொடியவராகக் காட்டுகின்றது என்று தமிழ்நாடே எழுந்தது. தமிழக அரசே அதைத் தடைசெய்யக் கோரி நடுவணரசுக்கு மடல் எழுதிற்று. எழுதியவர் நம் குமரி மாவட்டத்தைச் சேர்ந்த அமைச்சரே. ஓரினத்தின் விடுதலைப் போரைப் பொய்யாற் பூசுவது இழிவு. அதை எதிர்த்தது முறை. ஆனால் ஓரூரிற் குற்றம் நடப்பதாகக் காட்டுவது இழிவன்று. குற்றத்தை மறைக்கும் ஊரே இழிந்த ஊர். இனத்தின்மேல் வீசப்பட்ட பொய்க்கு அன்று கொதித்த நாம், நம் தெருவில் வாழும் ஒரு பெண்ணின்மேல் வீசப்படும் பொய்க்கும் கொதிக்க வேண்டாவா?

பேச்சு முழுதாக வரவில்லை என்று குறைப்பட்டவர் சொல்லில் மட்டும் நமக்கு மகிழ்ச்சி. குமரித் தமிழைக் கேலிக்குரிய கொச்சை என்று எண்ணுவோர் அறிக: மெல்ல என்பதற்கு நாம் வழங்கும் ‘பைய’ குறளிலிருக்கும் சொல். தாயைக் குறிக்கும் ‘தள்ளை’, தொல்காப்பிய உரையாசிரியர் எடுத்துக்காட்டிய பழஞ்சொல். தொல்காப்பியம் அரங்கேறிய அவையில் வீற்றிருந்த அதங்கோட்டாசானின் ஊர் என்று வழிவழியாகச் சொல்லப்படும் அதங்கோடு இம் மாவட்டத்தில்தான் இருக்கின்றது. இம் மக்களின் வாய்மொழியைத் திரையில் ஏற்றுவோர் நகைச்சுவைக்கு ஊறுகாயாக அதைத் தொட்டுக்கொள்ளாமல், அழவும் சினக்கவும் சிந்திக்கவும் வல்ல மொழியாக வழங்கட்டும். வட்டாரப் பேச்சைக் காட்டுகின்றோம் என்று ஆங்கிலத்தைக் கலந்து ஊற்றுவது நடப்பியலாகாது.

எனவே நாம் வேண்டுவன இவை. தொடர் எடுப்போர் தமிழ்த்தொடர்க்குத் தமிழ்ப்பெயர் இடுக. ஆங்கில வாலை அறுக்க. நிலையத்து அடியைக் காட்டுவோர் அடிபட்டவன் மனைவி மக்களின் முகத்தையும் காட்டுக. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்ததை ஒரு தொடராக எடுக்கும் துணிவு யாருக்கேனும் வருக.

பார்ப்போராகிய நாம் செய்ய வேண்டியது இன்னும் எளிது, ஆனால் இன்னும் கடினம். கொலையுண்டவள் நடத்தையைக் கேளோம். வன்கொடுமைக்காளானவள் படத்தைப் பரப்போம். அடிக்குக் கைதட்டோம். ‘சொல்கிறார்கள்’ என்று ஒருவன் தொடங்கினால், ‘யார் சொன்னார்?’ என்று கேட்போம்.

தேநீர்க்கடையை விட்டு எழும்போது அந்தப் பால்வெட்டுத் தொழிலாளி நம்மிடம், “அந்தப் பிள்ளை எனக்கு மகள் வயசு, அண்ணாச்சி. கதை என்று தெரிந்தும் வயிறு எரிந்தது” என்றார். விடியுமுன் மரத்தடிக்குப் போக வேண்டிய அவர் விழித்திருந்தது அதற்காகத்தான். அன்று அக் கடையிற் பேசிய அத்தனை பேரிலும் அத் தொடரைச் சரியாகப் பார்த்தவர் அவர் ஒருவரே.

அவ்வாறு பார்க்கத் தமிழர் கற்கட்டும்!