திரும்பி வந்தவளும் காத்திருந்தவர்களும்

இளையோருக்கான மர்மப் புதினம் என்றதும் புதையலும் பாழடைந்த மாளிகையுமே நம் நினைவுக்கு வருகின்றன. அமெரிக்க எழுத்தாளர் கரோலின் பி. கூனி 1990-இல் எழுதிய ‘தி ஃபேஸ் ஆன் தி மில்க் கார்ட்டன்’ ஒரு பால் பெட்டியிலிருந்து தொடங்குகிறது. காணாமற்போன குழந்தைகளின் படங்களைப் பால் பெட்டிகளில் அச்சிடும் வழக்கம் அந்நாட்டில் 1984 முதல் பரவியிருந்தது. கனெக்டிகட்டில் வாழும் பதினைந்து வயது ஜேனி, பள்ளி உணவு வேளையில் அப்படியொரு பெட்டியில் தன் முகத்தையே காண்கிறாள். மூன்று வயதில் நியூ ஜெர்சியில் கடத்தப்பட்ட ஜென்னி ஸ்பிரிங் என்னும் குழந்தை அவள்தான்.

புதினம் பெரும்புகழ் பெற்றது. ஆயினும் அதன் இரண்டாம் பாகமான ‘வாட்எவர் ஹேப்பன்ட் டு ஜேனி?’ (1993) நூலையே நாம் உயர்வாகக் கருதுகிறோம். முதல் பாகத்தின் மர்மம், பரணில் கிடைக்கும் புள்ளியிட்ட சிறு சட்டையோடு ஏறக்குறைய அவிழ்ந்துவிடுகிறது. வளர்த்தவர்கள் கொடியவர்கள் அல்லர். ஒரு சமயக் குழுவில் சேர்ந்து பிரிந்துபோன மகள் ஹன்னா ஒருநாள் கொண்டுவந்து விட்ட குழந்தையைத் தம் பேத்தியென்றே நம்பியவர்கள். குற்றவாளி யாரென்று தெரிந்தபின் எஞ்சுவது என்ன என்பதே இரண்டாம் பாகம்.

இங்கே ஆசிரியை செய்த துணிவான செயல், கதையைக் காத்திருந்த உடன்பிறந்தாரிடம் ஒப்படைத்ததுதான். தங்கை வந்ததும் உற்ற தோழியாவாள் என்று கனவு கண்டிருந்தவள் ஜோடி. வந்தவளோ தன் அறையைப் பகிரும் அந்நியப் பெண். வேறொரு தாயை எண்ணி ஏங்குபவள். பன்னிரண்டு ஆண்டு அச்சத்தின் நிழலில் வளர்ந்த அண்ணன் ஸ்டீவனின் சினத்தில் நியாயம் இல்லையென்று யார் சொல்ல இயலும்? அவனும் ஜோடியும் ஹன்னாவைத் தேடி நியூயார்க் நகரத்துக்கே போய்விடுகிறார்கள். பழிவாங்க ஒரு முகம் வேண்டியிருக்கிறது அவர்களுக்கு. (முழுத் தொடரிலும் நம்மை மிகவும் கலக்கிய பகுதி இதுவே.)

இறுதியில் ஜேனி வளர்த்தவர்களிடமே திரும்புகிறாள். பெற்றவர்கள் அவளை அனுப்பி வைக்கிறார்கள். இது ரத்த உறவுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்போர் உண்டு. நாம் உடன்படவில்லை. மூன்று வயதில் போனவள் இறந்துபோகவுமில்லை, திரும்பி வரவுமில்லை; அவள் வளர்ந்து வேறொருத்தியாகிவிட்டாள். அதைப் பெற்றோர் புரிந்துகொள்ளுமளவுக்கு ஜோடியால் புரிந்துகொள்ள முடியவில்லை என்பதை ஆசிரியை மறைக்காததே நூலின் நேர்மை.

பின்னர் தொடர் நீண்டது. ஹன்னாவுக்கு வளர்ப்புத் தந்தை இரகசியமாகப் பணம் அனுப்பிவந்ததை வெளிப்படுத்தும் ‘வாட் ஜேனி ஃபவுண்ட்’ (2000) படிக்கத் தகுந்தது. ஜேனியின் திருமணத்தில் முடியும் 2013-ஆம் ஆண்டு நூலை வாசிக்காமல் விட்டாலும் குறையில்லை. நாம் வாசித்தது ஜோடிக்காக மட்டுமே.