ஊமைத்துரைக்குக் குரல் தேர்வா?



ஞாயிறன்று எங்கள் ஊர் நாடகக் குழுவில் கட்டபொம்மன் நாடகத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஓய்வு பெற்றாலும் மேடை ஆசை விடுமா? நானும் போனேன். தானாபதிப் பிள்ளை வேடம் கிடைத்தது. ஆனாலும் மனம் வலிக்கத்தான் வீடு திரும்பினேன்.

ஊமைத்துரை வேடம் கேட்டு ஒரு பையன் வந்திருந்தான். பார்வையிலும் நடையிலும் அப்படியொரு கம்பீரம். பேச்சில்தான் கொஞ்சம் திக்கல். முதல் வரியிலேயே, "வசனம் ஓடமாட்டேங்குதே தம்பி. அடுத்த ஆள் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். சிலர் சிரித்தார்கள்.

யாருக்கய்யா வசனம்? ஊமைத்துரை பேச்சு வராதவர். சைகையால் படை நடத்தியவர். 1799 அக்டோபர் 16-ல் அண்ணனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய தம்பி, வெள்ளையர் இடித்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களிலேயே மறுபடி எழுப்பினார். அவரை எதிர்த்துப் போரிட்ட ஆங்கில அதிகாரி வெல்ஷே தன் நூலில் வியந்து எழுதியிருக்கிறார். எதிரிக்குத் தெரிந்த பெருமை நமக்குத் தெரியவில்லையே!

"சிவாஜி மாதிரி முழங்கினால்தான் கைதட்டு விழும் சார்" என்கிறார்கள். 1959-ல் வந்த அந்தப் படம் எனக்கும் உயிர்தான். ஆனால் அது அண்ணன் வேடம். தம்பிக்கும் அதே தொண்டை எதற்கு?

வகுப்பில் திக்கிய பிள்ளைகளை "நீ உட்கார், அடுத்தவன் படி" என்று நானும் சொல்லியிருக்கிறேன். இன்று வெட்கப்படுகிறேன். அப்படி உட்கார்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் மன்னியுங்கள்.

அந்தப் பையனை மறுபடி அழைத்துப் பார்க்கும்வரை என் வேடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் சார்.