லைசென்ஸ் பறிபோனால்... முதலில் பிரிவு எண்ணைப் பாருங்கள்!

விடிகாலையில் தக்காளி ஏற்றிய குட்டி யானை ஒன்று ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவர்தான் தோட்டத்துக்காரர். மண்டியிலிருந்து போன் வருகிறது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் பேசுகிறார். வாகனச் சோதனையில் இருந்த போலீஸார், வண்டியை ஓட்டிக்கொண்டே பேசியதாகச் சொல்லி லைசென்ஸை வாங்கிக்கொள்கிறார்கள். நேரம் தவறினால் தக்காளிக்கு விலை கிடைக்காது. விவாதம் பண்ண நேரமில்லாமல் அபராதத்தைக் கட்டிவிட்டு, கொடுத்த சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுக்கிறார். பணம் கட்டியாகிவிட்டது, விஷயம் முடிந்தது என்பது அவருடைய கணக்கு.

சில வாரம் கழித்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வருகிறது. 'உங்கள் ஓட்டுநர் உரிமத்தை ஏன் மூன்று மாதத்துக்குத் தகுதி நீக்கம் செய்யக் கூடாது?' என்று விளக்கம் கேட்கிறது. அறுவடை உச்சத்தில் இருக்கும் நேரம். வாடகை வண்டி பிடித்தால் தக்காளி விற்ற காசு வாடகைக்கே போய்விடும். கோபத்தில் நோட்டீஸை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார். கடைசியில் பதில் வராததையே காரணமாக எழுதி உத்தரவு வந்து சேர்கிறது.

கிராமங்களில் பலருக்கும் நடப்பது இதுதான். லைசென்ஸைக் காப்பாற்றிக்கொள்ள சட்டம் வழி கொடுத்திருக்கிறது. அந்த வழி நோட்டீஸுக்கு எழுதும் பதிலில்தான் தொடங்குகிறது. என்ன பதில் எழுதுவது என்பது, எந்தப் பிரிவின் கீழ் நோட்டீஸ் வந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அபராதம் கட்டினால் முடிந்துவிடாது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் வந்தது. 2019-ல் பெரிய அளவில் திருத்தப்பட்டது. திருத்தத்துக்குப் பிறகு 206-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு, சில குற்றங்களில் ஓட்டுநரின் லைசென்ஸைக் கைப்பற்றி, உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்பச் சொல்கிறது. அதிவேகம், அபாயகரமாக ஓட்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, ரேஸ் விடுவது, பழுதான நிலையில் வண்டியை ஓட்டுவது, பைக்கில் மூன்று பேர் போவது, ஹெல்மெட் போடாதது, ஆம்புலன்ஸுக்கு வழி விடாதது ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. கையில் போனை வைத்துப் பேசுவதும் சிக்னலைத் தாண்டுவதும் 'அபாயகரமாக ஓட்டுவது' என்ற 184-ஆம் பிரிவுக்குள் வருகின்றன.

அபராதம் கட்டிச் சமரசம் செய்துகொண்டாலும் லைசென்ஸ் மீதான நடவடிக்கை நிற்காது என்று 200-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. எனவே குற்றம் செய்யவில்லை என்று உறுதியாக இருப்பவர், அபராதத்தைக் கட்டுவதற்கு முன் ஒரு முறை யோசிக்க வேண்டும். ஒப்புக்கொள்ளாமல் நீதிமன்றத்தில் வழக்கை நடத்த அவருக்கு உரிமை உண்டு. அவசரத்தில் கட்டிவிட்டால், எந்தச் சூழ்நிலையில் கட்டினார் என்பதை நோட்டீஸுக்கான பதிலில் மறக்காமல் எழுத வேண்டும்.

கையில் கொடுத்த சீட்டு

லைசென்ஸை வாங்கிக்கொண்டால் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும் என்பது சட்டம். சீட்டு இல்லாமல் லைசென்ஸைக் கொடுக்கக் கூடாது. ஆனால் எல்லாச் சீட்டும் ஒன்றல்ல. சம்மனுக்கு வராமல் தப்பிவிடக்கூடும் என்ற காரணத்தால் 206(2)-ன் கீழ் எடுத்திருந்தால், அந்தச் சீட்டில் உள்ள தேதி வரை வண்டி ஓட்டலாம். 206(4)-ன் கீழ் எடுத்திருந்தால், லைசென்ஸ் திரும்பி வரும் வரை ஓட்டவே கூடாது. தக்காளி ஏற்றிய விவசாயி தவறியது இங்கேதான். சீட்டை வாங்கியவுடன் அதில் உள்ள பிரிவு எண், தேதி, நேரம், இடம் ஆகிய நான்கையும் படித்துப் பார்க்க வேண்டும்.

மூன்று வகை நோட்டீஸ்

போலீஸார் லைசென்ஸைக் கைப்பற்றி அனுப்பலாம். தகுதி நீக்கம் செய்யும் அதிகாரம் உரிமம் வழங்கும் அதிகாரியிடம் இருக்கிறது. அவரும் உரிமம் வைத்திருப்பவரின் தரப்பைக் கேட்க வேண்டும், காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். இவை 19-ஆம் பிரிவிலேயே உள்ளவை. நோட்டீஸ் பெரும்பாலும் மூன்று வகையில் ஒன்றாக இருக்கும்.

முதல் வகை: 19(1ஏ). சாலையில் 206(4)-ன் கீழ் லைசென்ஸ் பறிக்கப்பட்டால் வருவது இது. இதில் அதிகாரிக்கு இரண்டே வழிதான். குற்றம் நடக்கவில்லை என்று கருதினால் விடுவிக்கலாம். நடந்தது என்று கருதினால், முதல் முறைக்கு மூன்று மாதம் தகுதி நீக்கம். இரண்டாவது முறை என்றால் லைசென்ஸே ரத்து. இடையில் ஒரு மாதம், இரண்டு மாதம் என்று குறைக்க வழி வைக்கவில்லை. 'குடும்பம் இதை நம்பி இருக்கிறது, கருணை காட்டுங்கள்' என்று மட்டும் எழுதினால், குற்றத்தை ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும், காலமும் குறையாது. இந்த நோட்டீஸுக்குச் சம்பவத்தைப் பற்றிய பதில்தான் வேண்டும். போன் வந்த நேரம் என்ன, சலானில் போட்டிருக்கும் நேரம் என்ன, வண்டி நின்றதா, ஓடியதா? போட்டோ எடுத்திருந்தால் அதன் நகலைக் கேட்கலாம். போனில் உள்ள அழைப்புப் பட்டியலை உடனே படம் எடுத்து வைக்க வேண்டும். உடன் வந்தவரின் கையெழுத்திட்ட வாக்குமூலத்தையும் சேர்க்கலாம்.

இரண்டாம் வகை: 19(1)(எஃப்). பொதுமக்களுக்கு ஆபத்து அல்லது தொல்லை தரும் செயல்கள் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 21-ஆம் விதி ஒரு பட்டியல் தருகிறது. சரக்கு வண்டியில் அதிக பாரம் ஏற்றுவதும், சரக்கு வண்டியின் மேலே ஆட்களை ஏற்றுவதும், கேபினில் அளவுக்கு மேல் ஆட்களை உட்கார வைப்பதும் அதில் உண்டு. கிராமத்து வண்டிகள் அதிகம் மாட்டுவது இவற்றில்தான். இந்தக் குற்றங்களுக்குக் குறைந்தது மூன்று மாதம் தகுதி நீக்கம் செய்யும்படி சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015-ல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அதனால் அலுவலகங்கள் மூன்று மாதத்தையே பிடித்துக்கொள்கின்றன. ஆனாலும் இந்த உட்பிரிவு கால அளவை அதிகாரியின் முடிவுக்கு விட்டிருக்கிறது. முன்பு எந்த வழக்கும் இல்லாதது, வண்டிதான் பிழைப்பு என்பது போன்ற விவரங்களை இங்கே எழுதலாம்.

பாரம் அதிகம் என்று சொன்னால், எடை போட்ட சீட்டு எங்கே என்று கேட்க வேண்டும். வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோகச் சொல்ல 114-ஆம் பிரிவு அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. போகும் வழியில் 10 கிலோமீட்டருக்குள் அல்லது சேருமிடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் உள்ள எடை மேடையாக அது இருக்க வேண்டும். கண்ணால் பார்த்து எழுதிய எடையை மறுக்கலாம். மண்டியில் இறக்கியபோது போட்ட எடைச் சீட்டு நல்ல சாட்சி. அபராதமோ 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய் என்று ஏறும். எனவே எடைச் சீட்டைக் கிழித்துப் போடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

ஆட்களை ஏற்றிய வழக்கில், அவர்கள் கேபினில் இருக்கை அளவுக்குள் உட்கார்ந்திருந்தால் அதைச் சொல்லலாம். நாற்று நடவும் களை எடுக்கவும் பத்துப் பதினைந்து பேரைப் பின்னால் ஏற்றிப் போயிருந்தால், பதில் எழுதி மீள்வது கடினம். சரக்கு வண்டியில் பயணியாகப் போகிறவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்பது உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு. வண்டி கவிழ்ந்தால் நஷ்ட ஈடு வண்டிக்காரரின் நிலத்தின் மீது வந்து நிற்கும். அதற்கு முன்னால் மூன்று மாத லைசென்ஸ் ஒன்றுமே இல்லை.

மூன்றாம் வகை: 19(1)(சி). விபத்து நடந்து ஒருவர் இறந்துவிட்டால், கைது செய்யத்தக்க குற்றத்துக்கு வண்டியைப் பயன்படுத்தியதாகச் சொல்லி இந்த நோட்டீஸ் வரும். முதல் தகவல் அறிக்கை என்பது புகாரின் பதிவு. குற்றம் நிரூபணமானதாக அர்த்தமில்லை. அறிக்கையை மட்டும் வைத்து லைசென்ஸைத் தடை செய்த உத்தரவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. வழக்கு பதிவானதுமே லைசென்ஸ் தானாக ஆறு மாதம் நிற்கும் என்று சொல்லும் 21-ஆம் பிரிவு, அபாயகரமாக ஓட்டியதற்காக 184-ஆம் பிரிவில் ஏற்கெனவே தண்டனை பெற்றவருக்குத்தான் பொருந்தும். அப்படிப்பட்ட தண்டனை முன்பு இல்லை என்பதைப் பதிலில் முதல் வரியாகவே எழுத வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, விபத்து நடந்த இடத்தின் வரைபடம் ஆகியவற்றின் நகல்களை இணைக்கலாம். அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்ததற்கும், 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தகவல் சொன்னதற்கும் சான்று இருந்தால் அவசியம் சேர்க்க வேண்டும். அப்படிச் செய்யாமல் போவதும் 21-ஆம் விதியின் பட்டியலில் இருக்கிறது.

பதில் எப்படி இருக்க வேண்டும்?

ஒரு பக்கம் போதும். தமிழில் எழுதலாம். மேலே பெயர், முகவரி, லைசென்ஸ் எண், வண்டி எண். பார்வையில் நோட்டீஸ் எண், தேதி. அதன் பிறகு இப்படி:

'மேற்படி நோட்டீஸ் எனக்கு இந்தத் தேதியில் கிடைத்தது. அதில் சொல்லியுள்ள குற்றத்தை நான் மறுக்கிறேன். சம்பவ நேரத்தில் வண்டி சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்தது. இதற்கான சான்றுகளை இணைத்துள்ளேன். இதற்கு முன் என் மீது வழக்கு ஏதும் இல்லை. நேரில் விளக்கம் தர வாய்ப்பளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தகுதி நீக்கம் செய்யும் பட்சத்தில், லைசென்ஸ் பறிக்கப்பட்ட நாளிலிருந்தே காலத்தைக் கணக்கிடும்படி வேண்டுகிறேன்.'

உண்மையில் நடந்ததை மட்டுமே எழுத வேண்டும். பொய்யாக ஒரு வரி எழுதினாலும் மற்ற வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். நோட்டீஸில் சொன்ன கெடுவுக்குள் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். தபாலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். விசாரணைக்குக் கூப்பிட்ட நாளில் வேலையைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்விட வேண்டும்.

பாதகமான உத்தரவு வந்தாலும் வழி அடைபடவில்லை. உத்தரவு கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். எந்த அதிகாரியிடம் செய்ய வேண்டும் என்பது உத்தரவில் இல்லாவிட்டால், அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தன் தரப்பைக் கேட்கவே இல்லை, காரணம் எழுதவில்லை, கொடுத்த சான்றைப் பார்க்கவில்லை ஆகியவை மேல்முறையீட்டில் எடுபடும் காரணங்கள்.

வாசகர் கேள்விகள்

*லைசென்ஸ் தொலைந்துவிட்டது என்று சொல்லி நகல் வாங்கி ஓட்டினால் என்ன?*

செய்யவே கூடாது. தகுதி நீக்க விவரம் கணினிப் பதிவில் ஏறிவிடும். சோதனையில் எண்ணைத் தட்டினால் தெரிந்துவிடும். தகுதி நீக்கக் காலத்தில் ஓட்டினாலும், புதிய லைசென்ஸ் கேட்டு விண்ணப்பித்தாலும் 182-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்த நேரத்தில் விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளவும் சட்டத்தில் இடம் உண்டு.

*அப்பாவின் லைசென்ஸ் நின்றுவிட்டது. 17 வயதுப் பையன் டிராக்டரை ஓட்டலாமா?*

ரோட்டில் இறங்கினால் வினைதான். 18 வயது ஆகாதவர் ஓட்டிக் குற்றம் நடந்தால், 199ஏ பிரிவில் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் உள்ள உறவினரையோ பக்கத்துத் தோட்டத்துக்காரரையோ ஓட்டச் சொல்வதே பாதுகாப்பு.

*வக்கீல் வைக்க வசதி இல்லை. என்ன செய்வது?*

நோட்டீஸுக்குப் பதில் எழுத வக்கீல் கட்டாயமில்லை. மேல்முறையீட்டுக்கோ வழக்குக்கோ உதவி வேண்டுமானால், தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்புக்குள் இருப்பவர்கள் ஆகியோருக்கு வக்கீல் உதவி இலவசம். 15100 என்ற எண்ணில் பேசியும் விவரம் கேட்கலாம்.

*மூன்று மாதம் முடிந்தால் லைசென்ஸ் தானாகத் திரும்பி வருமா?*

வராது. ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடித்துச் சான்று கொடுக்க வேண்டும். காலம் முடியும் வரை காத்திராமல் முன்கூட்டியே பயிற்சியில் சேர்ந்துவிட்டால், அடுத்த அறுவடைக்கு வண்டியை எடுக்கலாம்.