கயத்தாற்றுக்குப் பிறகு

நமது சரித்திரக் கதைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. வீரனின் கழுத்தில் சுருக்கு விழுந்ததும் ஆசிரியர் பேனாவை மூடிவிடுவார். கீழே ‘முற்றும்’. வாசகரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கை அணைத்துவிடுவார். இதை நான் ஆட்சேபிக்கிறேன். நானும் கதை எழுதிப் பிழைப்பவன் என்பதால் சற்றுக் கடுமையாகவே ஆட்சேபிக்கிறேன்.

ஒரகடத்துத் தொழிற்சாலைகளை ஒட்டிய வடக்குப்பட்டுக்கு அண்மையில் போயிருந்தேன். அங்கே அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் தெற்கத்திப் பையன் ஒருவன், “கட்டபொம்மனைத் தூக்குல போட்டதோட எல்லாம் முடிஞ்சுபோச்சே, சார்! சினிமாவிலேயே பாத்தேனே” என்றான். கயத்தாறு அவன் ஊருக்கு அரை மணி நேரப் பஸ் தூரம்! அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவனுக்குக் கதை சொன்னவர்கள் நாம்.

1799 அக்டோபர் 16. மேஜர் பானர்மன் பாளையக்காரர்களைக் கயத்தாற்றில் கூட்டிவைத்து, அவர்கள் முன்னிலையில் கட்டபொம்மனுக்குத் தூக்குத் தண்டனை விதித்தான். எதற்கு அந்தக் கூட்டம்? இத்தோடு சங்கதி தீர்ந்தது என்று எல்லாரும் நம்புவதற்குத்தானே? கும்பினிக்கு வேண்டியிருந்த அந்த ‘முற்றும்’ என்ற சொல்லை, இத்தனை காலம் கழித்து நாம் இலவசமாக அச்சடித்துக் கொடுக்கிறோம்.

தீரவில்லை. 1801 பிப்ரவரி 2ஆம் தேதி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினான். சில நாளில் கும்பினிப் படை பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய்ப் பார்த்தால், இடித்துத் தள்ளிய கோட்டை மறுபடி எழும்பி நிற்கிறது! மண்ணைக் குழைத்தவர்கள் யார்? ராஜாக்களா? குடிகள், ஐயா, குடிகள்! மே 24 வரை அந்த மண்சுவர் பீரங்கிக்கு ஈடுகொடுத்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எதிரிப் படையிலிருந்த வெல்ஷ் என்ற அதிகாரியே எழுதிவைத்திருக்கிறான். காயமுற்று விழுந்தவர்களுக்கு நடுவே தன் மகனைத் தேடிவந்தாள் ஒரு தாய். உயிர் ஊசலாடிய மகனோ, தன்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் கிடந்த ஊமைத்துரையைக் காப்பாற்றச் சொன்னான். அவள் அப்படியே செய்தாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடிவந்தபோது, பெண்கள் அவன்மீது துணியைப் போர்த்தி ஒப்பாரி வைத்தார்கள். வைசூரியில் செத்தான் என்றார்கள். வந்தவர்கள் ஓடிப்போனார்கள். இதைவிட வேறென்ன அத்தியாயம் வேண்டும் ஒரு நாவலாசிரியனுக்கு? நம் கதைகளில் பெரும்பாலானவை அவளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவளிடம் குதிரை இல்லை, கிரீடம் இல்லை, அதனால்தான்!

அதே ஆங்கிலேயன் அதே காலத்தில் அயர்லாந்திலும் இதைத்தான் கண்டான். 1798இல் எழுந்த கலகத்தை அந்த ஆண்டே நசுக்கினான். ஆனால் விக்லோ மலைகளில் மைக்கேல் டுவையர் 1803 டிசம்பர் வரை பணியவில்லை. ஐந்து வருஷம் அவனுக்குச் சோறு போட்டது எந்தப் பிரபு?

இங்கே 1801 அக்டோபர் 24இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். நவம்பரில் ஊமைத்துரையை. 1802 பிப்ரவரியில் எழுபத்துமூன்று பேரைப் பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். அவர்களில் ஒருவன் சின்ன மருதுவின் மகன் துரைசாமி, சிறுவன். 1818இல் அங்கே போன வெல்ஷின் முன்னால் தளர்ந்துபோன ஒரு கிழவன் வந்து நின்றான். பெயரைச் சொன்ன பிறகுதான் வெல்ஷுக்கு அடையாளம் தெரிந்தது.