கையளவில் ஒரு விமானம்



பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை கிரிக்கெட், தொலைக்காட்சி, இப்போது கைத்தொலைபேசி. இவை மூன்றும் அல்லாத ஒன்றைப் பற்றி இம்மாதம் எழுதுகிறேன். உண்மையான விமானம், கப்பல், லொறி, உழவு இயந்திரம் போன்றவற்றைக் கணக்கான அளவில் சிறிதாக்கிச் செய்து, நிறம் பூசி வைக்கும் கைவேலை அது. மேல்நாடுகளிலும் யப்பானிலும் வளர்ந்தவர்களே வருடக்கணக்காக இதில் ஈடுபடுகிறார்கள். நமது பக்கத்தில் இது அதிகம் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ அனுப்பும் பொதிக்குள், சொக்கலேற்றோடு ஒரு பிளாஸ்ரிக் விமானப் பெட்டியும் வந்து சேரும்போதுதான் இது நமது வீடுகளுக்குள் நுழைகிறது.

அப்படி ஒரு பெட்டி வந்த வீட்டிலிருந்துதான் ஒரு கேள்வியும் வந்தது. களுவாஞ்சிக்குடியில் எங்கள் வட்டாரத்துத் தாய் ஒருவர் என்னிடம் கேட்டார்: “அக்கா, என்ட மகன் ரெண்டு கிழமையா ஒரு பொம்பர் விமானத்த ஒட்டி ஒட்டிப் பெயின்ற் அடிச்சிக்கிட்டு இருக்கான். சின்னச் சின்னக் குண்டும் அதுல இருக்கு. பாக்கிற நேரமெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுது. அவன் இல்லாத நேரம் எடுத்து எறிஞ்சி போடவா?”

சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வி அல்ல இது. வானத்தில் இரைச்சல் கேட்டால் சமைத்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய தலைமுறை நாம். போர் 2009 இல் முடிந்தது. அந்தத் தாயின் மகனோ அதற்குப் பிறகு பிறந்தவன். அவனுக்கு அது அழகான ஒரு பொறி. தாய்க்கு அது வேறொன்று. இருவரும் ஒரே பொருளைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் காண்பது ஒன்றல்ல.

எறிவதா, வைப்பதா என்று சொல்லுமுன் இந்தக் கைவேலை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம்.

உழவு இயந்திரத்தில் தொடங்கிய கதை

இங்கிலாந்தின் எயார்பிக்ஸ் நிறுவனம் இத்துறையில் பெயர்பெற்றது. 1939 இல் ஹங்கேரியில் பிறந்த நிக்கலஸ் கோவ் என்பவர் அதைத் தொடங்கியபோது செய்தது காற்றடைத்த இறப்பர் விளையாட்டுப் பொருட்கள். 1940களின் இறுதியில் பெர்குசன் உழவு இயந்திரக் கொம்பனி, தன் விற்பனையாளர்கள் கையில் கொண்டுபோய்க் காட்டுவதற்குச் சிறிய பிளாஸ்ரிக் உழவு இயந்திரம் ஒன்றைச் செய்து தரும்படி கேட்டது. நமது படுவான்கரை வயல்களில் உழும் மசி பெர்குசனின் மூதாதை அதுதான். பின்னர் அதையே பிரித்த பாகங்களாக விற்றார்கள். 1952 இல் பாய்க்கப்பல் ஒன்றின் பாகங்கள் விற்பனைக்கு வந்தன. போர் விமானங்கள் அதற்குப் பிறகே வந்தன. ஆக, அந்த நிறுவனத்தின் மாதிரிகளுக்கு வழி திறந்தது குண்டுவீச்சு விமானம் அல்ல, நெல் வயலுக்கும் சொந்தமான ஓர் இயந்திரம்.

யப்பானின் தமியா நிறுவனமும் இப்படித்தான். 1946 இல் சிசுஒக்கா நகரில் மரம் அரியும் ஆலையாகத் தொடங்கி, மரத்தில் மாதிரிகள் செய்து, 1960 இல் பிளாஸ்ரிக்குக்கு மாறியது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1942 இல் அமெரிக்கக் கடற்படை, தன் வீரர்கள் எதிரி விமானம் எது, தமது விமானம் எது என்று கண்டவுடன் அறியப் பழகுவதற்காக 5 இலட்சம் சிறு விமானங்கள் செய்து தரும்படி பாடசாலை மாணவர்களைக் கேட்டது. 72 இல் ஒரு பங்கு அளவில் மரத்தில் செதுக்கி, கறுப்பு நிறம் பூசிக் கொடுத்தார்கள். இன்றும் பெட்டிகளில் 1:72 என்று காண்கிறோமே, அது 6 அடி மனிதனை ஓர் அங்குலமாக்கும் அளவு. தாயின் நெஞ்சு பதறியதில் நியாயம் இருக்கிறது. இந்தக் கைவேலைக்குப் போரோடும் உறவு உண்டு.

நமது கடலுக்கடியில் இருப்பது

அந்த உறவு நமக்குத் தூரமானதல்ல. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானியக் கடற்படை விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. எச்சரிக்கை கிடைத்து, துறைமுகத்தை விட்டு முதல்நாள் இரவே தெற்கே வந்திருந்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், திரும்பும் வழியில் மட்டக்களப்புக் கடலில் அகப்பட்டது. அதன் மேல்தளத்தில் அன்று ஒரு விமானம்கூட இல்லை. ஐச்சி என்னும் குத்தெனப் பாய்ந்து குண்டுபோடும் விமானங்கள் கொஞ்ச நேரத்தில் அதை மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் தாண்டது. அருகில் வந்த வீற்றா என்ற வைத்தியசாலைக் கப்பல் தப்பிய சுமார் 600 பேரைத் தூக்கிக் காப்பாற்றியது. ஹேர்மிஸ் இன்றும் மட்டக்களப்புக்கு அப்பால், 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. அதைப் பார்க்க உலகின் பல பக்கங்களிலிருந்தும் சுழியோடிகள் வருகிறார்கள்.

அந்த ஹேர்மிசை யப்பானின் அவோஷிமா நிறுவனம் 700 இல் ஒரு பங்கு அளவில் பெட்டியில் போட்டு விற்றிருக்கிறது. 600 அடிக் கப்பல் அதில் ஏறத்தாழ 26 சென்ரிமீற்றர், அதாவது பாடசாலை அடிமட்டத்தைவிடச் சற்றுக் குறைவு. தாக்கிய ஐச்சி விமானத்தின் மாதிரியும் கிடைக்கிறது. மூழ்கடித்த நாட்டின் நிறுவனமே மூழ்கிய கப்பலைச் செய்து விற்பதை என்னவென்று சொல்வது? சிலருக்கு அது வியாபாரம். எனக்கோ, எண்பது வருடத்தில் பகை ஆறி, பொருள் மட்டும் நினைவாக மிஞ்சியிருப்பதாகத் தெரிகிறது.

ஜேர்மனியில் இன்னும் கவனம். ஹிட்லர் காலத்துச் சுவஸ்திகா சின்னத்தைப் பொதுவில் காட்டுவது அங்கு சட்டப்படி குற்றம். ஆகவே அங்கு விற்கும் விமானப் பெட்டிகளின் படங்களில் அந்தச் சின்னத்தைத் தவிர்த்து விடுகிறார்கள். சிறு பொருள்தானே என்று அவர்கள் அலட்சியம் செய்யவில்லை.

ஆகவே என் பதில்

எறிய வேண்டாம் தங்கச்சி. எறிந்தால் மகன் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: அம்மாவுக்குத் தெரியாமல் வைத்திருக்க வேண்டும் என்பது. உங்கள் பயம் உங்களுக்குள்ளேயே இருந்துவிடும், அவனுடைய அறியாமை அவனுக்குள்ளேயே இருந்துவிடும்.

பக்கத்தில் உட்காருங்கள். அவன் ஒட்டும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இதற்குள் எத்தனை பேர் இருந்தார்கள்? இது எங்கே பறந்தது? இதற்குக் கீழே யார் இருந்தார்கள்? முதல் இரண்டுக்கும் விடை பெட்டிக்குள் வரும் விளக்கத்தாளில் பெரும்பாலும் இருக்கும். மூன்றாவதற்கு அதில் விடை இராது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் ஓடிய ஓட்டத்தை, ஒளிந்த இடத்தை, தொலைத்தவரை, பிள்ளையின் வயதுக்கு ஏற்றபடி சொல்லுங்கள். பள்ளிப் புத்தகத்தில் படிப்பதைவிட, கையில் அந்தப் பொருளை வைத்துக்கொண்டு தாயின் வாயால் கேட்பது ஆழமாகப் பதியும். அடுத்த பெட்டி எது என்று கேட்கும் நாளில் அவனே தெரிவு செய்யட்டும். அம்புலன்ஸ் உண்டு, தீயணைப்பு வண்டி உண்டு, மீட்பு ஹெலிகொப்டர் உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நமது கரைக்கு உணவும் மருந்தும் கொண்டு வந்ததும் ஹெலிகொப்டர்தானே.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை

பெட்டிக்குள் பாகங்கள் ஒரு சட்டத்தோடு ஒட்டியபடி வரும். கையால் முறுக்கிப் பிய்த்தால் பாகம் உடையும். நகவெட்டியால் கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தை மெல்லிய அரத்தாளால் உரசி எடுக்கலாம். அச்சிலிருந்து எடுக்கும்போது பட்ட எண்ணெய் இருக்கக்கூடும். சவர்க்காரத் தண்ணீரில் கழுவி உலரவிட்டால் நிறம் நன்றாகப் பிடிக்கும். பசை பூசுமுன் இரண்டு பாகத்தையும் சும்மா பொருத்திப் பார்க்க வேண்டும். சட்டை வெட்டித் தைக்குமுன் நாம் நூலோடிப் பார்ப்பதுபோல.

இதற்குரிய பசை சாதாரணப் பசை அல்ல. பிளாஸ்ரிக்கைச் சற்று உருக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆகவே ஒரு துளி போதும். கூடினால் பாகம் இளகி உருக்குலையும். நகப்பூச்சை நிறத்துக்குப் பதிலாகப் பூசுவதும் பிளாஸ்ரிக்கை இளக்கும்.

நிறம் தடிப்பாகப் பூசினால் நுண்ணிய கோடுகள் மறைந்துவிடும். மெல்லியதாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் உலர்ந்த பின் பூச வேண்டும். வெளிர் நிறம் முதலில், கடும் நிறம் பிறகு. மாதிரி பழகிய பொருள்போலத் தெரிய ஒரு வழி உண்டு. தூரிகையில் நிறத்தைத் தொட்டு, துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, மேடான ஓரங்களில் மட்டும் மெல்லத் தடவுங்கள். தேய்ந்த இரும்புபோல ஆகிவிடும். எழுத்தும் சின்னமும் தனித் தாளில் வரும். தண்ணீரில் சற்று ஊறவிட்டால் வழுக்கி வரும், இழுக்கக் கூடாது.

அம்மாமார் கவனிக்க வேண்டியவை இவை. தின்னர் கலந்த பெயின்ற்றையும் அந்தப் பசையையும் யன்னல் திறந்த இடத்தில்தான் பாவிக்க வேண்டும். அடுப்பு, குப்பி விளக்கு, நுளம்புச் சுருள் எதுவும் அருகில் இருக்கக் கூடாது, தீப்பிடிக்கும். தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் நிறம் கிடைத்தால் பிள்ளைகளுக்கு அதுவே நல்லது. சுப்பர் குளூவைப் பருத்தித் துணியால் துடைக்க வேண்டாம். பருத்தியில் பட்டால் திடீரெனச் சூடேறிச் சுடும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் சிறு பாகங்கள் வாய்க்குள் போகாமல் பார்க்க வேண்டும். கழுவிய தின்னரைக் கிணற்றடியில் ஊற்றவே கூடாது.

பெட்டி இல்லாமலும் செய்யலாம்

2022 நெருக்கடிக்குப் பின் வெளிநாட்டுப் பொருட்களின் விலை நமக்குத் தெரியும். பிள்ளை ஆசைப்படுகிறான் என்பதற்காகக் கடன்பட்டு இப்பெட்டிகளை வாங்க வேண்டாம். உண்மையில் இந்தக் கைவேலையில் தேர்ந்தவர்கள் பெட்டி இல்லாமல், கிடைத்ததைக் கொண்டு தாமே செய்வதைத்தான் உயர்வாக மதிக்கிறார்கள்.

தையல் தெரிந்த வீட்டில் அளவு நாடா இருக்கும். 1:24 என்ற அளவுத்திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பொருளின் ஓர் அடி, மாதிரியில் அரை அங்குலம். கணக்குப் போடச் சுகம். கடற்கரையில் நிற்கும் 18 அடிப் பைபர் வள்ளம் 9 அங்குலம் ஆகிவிடும். வாவித் தோணி, மாட்டு வண்டில், முச்சக்கரவண்டி, மாமாவின் உழவு இயந்திரம், எதையும் பிள்ளை நாடாவோடு போய் அளந்து, கொப்பியில் குறித்து, பாதியாக்கி வரட்டும். அட்டை, ஈர்க்கு, தீக்குச்சி, பேனைக் குழாய், போத்தல் மூடி எல்லாம் பொருள்தான். பிளாஸ்ரிக் கோப்பையின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அது மாதிரிப் பெட்டிகளில் வரும் பிளாஸ்ரிக் வகையே, அதே பசை பிடிக்கும். 5 என்று இருந்தால் பிடிக்காது. எடுத்து எறிய இருந்த கோப்பை வண்டியின் கூரையாகும்.

இதில் பிள்ளை பெறுவது என்ன? விகிதக் கணக்கு கையால் விளங்கும். அறிவுறுத்தலை வரிசையாக வாசித்து நடக்கும் பழக்கம் வரும். உலரும்வரை காத்திருக்கும் பொறுமை வரும். கைத்தொலைபேசி தராத ஒன்று அந்தப் பொறுமை.

பெண்பிள்ளைகளும் உட்காரட்டும்

“இது ஆம்பிளப் பிள்ளைகள்ற வேலை” என்று மகளை எழுப்பி விடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் மெட்மென்ஹாம் என்ற இடத்தில் வானிலிருந்து எடுத்த படங்களை ஆராயும் நிலையத்தில் பெண்கள் பலர் பணியாற்றினார்கள். விமானங்களை இனங்காணும் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் கொன்ஸ்ரன்ஸ் பாபிங்ரன் சிமித் என்ற பெண். 1943 இல் படமொன்றில் புள்ளிபோலத் தெரிந்த ஒன்றைப் பார்த்து, அது ஜேர்மனியின் ஆளில்லாப் பறக்கும் குண்டு என்று கண்டுபிடித்தவர் அவரே. சிறியதைப் பார்த்துப் பெரியதை அறியும் கண் அது. கோலத்தின் புள்ளி எண்ணியும், ஊசியில் நூல் கோத்தும் பழகிய நமது பெண்பிள்ளைகளுக்கு அந்தக் கண்ணும் விரலும் ஏற்கனவே உண்டு.

இதனால் வருமானம் வரும் என்று நான் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் வருமானமாகவே பார்க்கத் தேவையுமில்லை. வரும் பாடசாலை விடுமுறையில் ஒரு நாள் பின்னேரம், மகனையும் மகளையும் அளவு நாடாவோடு கடற்கரைக்கு அனுப்புங்கள். வள்ளக்காரரிடம் மரியாதையாகக் கேட்டுவிட்டு அளக்கச் சொல்லுங்கள். நீளம், அகலம், அணியத்தின் உயரம், மூன்று அளவு போதும், தொடங்கலாம்.