"அதுதான் நெட்டில் இருக்கிறதே, பிறகு ஏன் செய்தீர்கள்?"

கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு கண்காட்சிக்கு எங்கள் தரம் 11 பிள்ளைகள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர்கள் செய்தது சின்னச் சாமான். லெப்டொப்பில் ஒரு விண்டோ, அதில் கொம் போர்ட்டைத் தெரிவு செய்ய ஓர் இடம், நான்கு பொத்தான்கள். அழுத்தினால் யு.எஸ்.பி வயர் வழியாக ஆர்டுயினோவுக்குக் கட்டளை போகும். பாடவேளை மணிக்குப் பதிலாக வைத்த பஸர் அத்தனை முறை அடிக்கும். பைதனில் எழுதியது, நூறு வரிகூட இல்லை.

நடுவர் ஒருவர் அரை நிமிடம் பார்த்தார். "ஆர்டுயினோ மென்பொருளிலேயே சீரியல் மொனிட்டர் இருக்குதே. நெட்டிலும் இலவசமாக் கிடக்கு. இதில என்ன புத்தாக்கம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பரிசு பக்கத்து மேசைக்கு. பெட்டியோடு வாங்கிய ரோபோ கார், போனில் இறக்கிய செயலி. அந்தப் பிள்ளையில் குறையில்லை. புத்தாக்கப் போட்டி என்று பெயர் வைத்துவிட்டு வாப்பாவின் பணப்பையை அளக்கிற நம்மில்தான் குறை.

சீரியல் மொனிட்டர் இருப்பது எனக்கும் தெரியும், தினமும் பாவிக்கிறேன். ஆனால் அந்த நடுவர் கேட்காத கதை இது.

முதல் நாள் "3" என்று அனுப்பினார்கள். பஸர் மூன்று முறை அடிக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. வகுப்பே எண்ணியது. 51! பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து ஏசிவிட்டுப் போனார். வயரில் போனது மூன்று என்ற எண் அல்ல, '3' என்ற எழுத்து. அதன் ஆஸ்கி இலக்கம் 51. இந்த அட்டவணையை நான் இரண்டு வருடமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன். ஒருவருக்கும் மனதில் நிற்கவில்லை. அன்றைக்கு நின்றது.

அடுத்தது இதைவிட மோசம். மொனிட்டரில் டைப் பண்ணினால் மணி அடிக்கிறது, தங்கள் புரோகிராமில் அழுத்தினால் சத்தமே இல்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்தார்கள். நான் வேண்டுமென்றே வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு மகள் கவனித்தாள்: "சேர், ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஆர்டுயினோவில அந்தச் சின்ன லைட் மினுங்குது." அதுதான் விஷயம். ஊனோ வகையில் கம்பியூட்டர் போர்ட்டைத் திறந்தாலே ஆர்டுயினோ ரீசெட் ஆகிவிடும். மறுபடி எழும்ப ஓரிரண்டு செக்கன் எடுக்கும். இவர்களின் புரோகிராம் திறந்த கையோடு கட்டளையை அனுப்பி, போர்ட்டை மூடிவிடுகிறது. கேட்க அங்கே ஆளில்லை. மொனிட்டர் போர்ட்டைத் திறந்தே வைத்திருப்பதால் அதில் இந்தச் சிக்கல் தெரியாது.

இரண்டு செக்கன் பொறுக்கச் சொன்னாலே வேலை முடிந்திருக்கும். அவர்கள் அதோடு நிற்கவில்லை. ஆர்டுயினோ எழும்பியதும் "ரெடி" என்று சொல்ல வேண்டும், அதைக் கேட்ட பிறகுதான் கட்டளை போக வேண்டும், மணி அடித்ததும் "ஓகே" என்று பதில் வர வேண்டும், வராவிட்டால் திரையில் சிவப்பு எழுத்து. இதெல்லாம் அவர்களே போட்ட ஒழுங்கு. உயர்தர ஐ.சி.டி.யில் 'புரொட்டகோல்' என்று வரைவிலக்கணம் பாடமாக்குகிறோமே, அதை இந்தப் பிள்ளைகள் சாதாரண தரத்திலேயே ஒரு பஸரை வைத்துச் செய்துவிட்டார்கள்.

இனி, "இருக்கிறதை ஏன் திரும்பச் செய்கிறாய்" என்பவர்களிடம் கேட்கிறேன். கடையில் இடியப்பம் கிடைக்கிறது என்று வீட்டில் மாக்குழைக்கப் பழக்காமல் விடுகிறோமா? கல்குலேட்டர் இருக்கிறது என்று வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டோமா? இறக்கிய செயலியில் விரலை வைத்த பிள்ளைக்கு கார் ஓடாத நாளில் எங்கே பார்ப்பது என்றே தெரியாது. கடைக்காரனுக்கு கோல் எடுக்கும், அவ்வளவுதான்.

நடுவர்மார்களே, அடுத்த முறை மேசைக்கு வந்தால் விலையைப் பார்க்க வேண்டாம். வயரைக் கழற்றிவிட்டுத் திரும்பக் குத்துங்கள். "இப்ப என்ன நடக்குது, ஏன்?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். வாப்பாமார் குறுக்கே பதில் சொல்ல வந்தால் தயவுசெய்து கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.