காத்திருப்பது யாருடைய வேலை?

கொம்பியூட்டர் வரலாறு எண்டால் எங்களுக்குச் சொல்லப்படுவது இரண்டு விசயம்தான். ஒன்று வேகம். மற்றது கராஜுக்குள் தொடங்கிக் கோடீஸ்வரரான ஆண்கள். எனக்கு இந்த இரண்டையும்விட முக்கியமாகப் படுவது, எழுபதுகளின் பிற்பகுதியில் வீட்டில் கணினி வைத்திருந்தவர்கள் செய்துகொண்ட ஒரு சின்ன மாற்றம்: பிரிண்டர் அடித்துக்கொண்டிருக்கும்போதே அதே கணினியில் வேறு வேலை செய்வது. பின்னணி அச்சிடல்.

1975 ஜனவரி 'பொப்பியுலர் எலெக்ட்ரொனிக்ஸ்' இதழின் அட்டையில் அல்டெயர் 8800 வந்தது. 397 டொலருக்குப் பாகங்கள் வரும். நாங்களே ஈயம் உருக்கிப் பொருத்த வேண்டும். உள்ளே இன்டெல் 8080, வேகம் 2 மெகாஹேர்ட்ஸ். அந்தக் காலத்து ஆர்வலர்கள் பலர் அச்சிடப் பயன்படுத்திய ரெலிரைப் 33, நொடிக்கு 10 எழுத்துத்தான் அடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்தில் 3,000 எழுத்து எண்டால் 300 நொடி, அதாவது அஞ்சு நிமிசம். பத்துப் பக்கத்துக்கு ஐம்பது நிமிசம். அவ்வளவு நேரமும் கீபோர்ட்டைத் தொட்டும் பிரயோசனம் இல்லை.

கொடுமை என்னவென்றால், அந்த நேரத்தில் கணினியும் உருப்படியாக ஒண்டும் செய்யவில்லை. ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையில் அதற்கு 2 இலட்சம் துடிப்புகள் கிடைக்கின்றன. 8080இன் மிக நீண்ட கட்டளைக்கே 18 துடிப்புத்தான் தேவை. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கட்டளைகளைச் செய்யக்கூடிய நேரத்தை அது "தயாரா, தயாரா" என்று பிரிண்டரைக் கேட்டே கழித்தது.

பெரிய கணினிகளில் இந்தச் சிக்கல் அறுபதுகளிலேயே தீர்க்கப்பட்டுவிட்டது. ஐபிஎம் 360 கணினிகளில் ஓடிய ஹாஸ்ப் என்ற மென்பொருள், அச்சிட வேண்டியதையெல்லாம் டிஸ்கில் வரிசையாகப் போட்டு வைத்தது. பிரிண்டர் தன் வேகத்தில் எடுத்துக்கொண்டது. அங்கே ஏன் அவ்வளவு அவசரம்? இயந்திரத்தின் ஒவ்வொரு நிமிசமும் காசு. வீட்டில் காத்திருந்ததோ மனுசர். மனுசர் காத்திருந்தால் யாருக்கும் பில் வராது.

ஆகவே வீட்டுக்காரர்கள் தாங்களே இறங்கினார்கள். அதற்கு வழி இருந்தது. கேரி கில்டால் உருவாக்கிய சிபி/எம் இயங்குதளத்தில், கீபோர்ட், திரை, பிரிண்டர் ஆகியவற்றோடு பேசுகிற பகுதி தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அதை எப்படி மாற்றி எழுதுவது என்பதற்கே ஒரு கையேடு இருந்தது. ஒரு புரோகிராம் "கீ ஏதும் அழுத்தினாங்களா?" என்று கேட்கிற இடத்தை வழிமறித்து, "போற போக்கில பிரிண்டருக்கும் ஒரு எழுத்தைக் குடுத்திட்டுப் போ" என்று கொஞ்ச வரிகள் சேர்க்கலாம். நாங்கள் யோசித்து யோசித்து ரைப் பண்ணுகிற இடைவெளியில் பிரிண்டர் வேலையை முடித்துவிடும்.

இதில் குறையே இல்லை எண்டு சொல்லவில்லை. கீபோர்ட் பக்கமே போகாமல் கணக்குப் போடுகிற புரோகிராம் ஓடினால் பிரிண்டர் நின்றுவிடும். ஒரு புரோகிராம் டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது குறுக்கே போய் அச்சுக்கான கோப்பை வாசித்தால் எல்லாம் குழம்பும். மொத்தமே 64 கிலோபைட்டுக்குள் அடங்கிய நினைவகத்தில் ஒரு பங்கும் இதற்குப் போய்விடும். அச்சிடலும் ஒரு நொடிகூட வேகமாகவில்லை. இருந்தும் செய்தார்கள். பிறகு இதே வேலைக்கு டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனம் 'டீஸ்பூல்' என்று ஒரு மென்பொருளை விற்றது. 1983இல் எம்எஸ்-டொஸ் 2.0 'பிரிண்ட்' கட்டளையோடு வந்தது.

என் வாதம் இதுதான். இந்த மாற்றத்தை வேகத்தால் அளந்தால் அது பூச்சியம். யாருடைய நேரம் யாருக்குத் திரும்பக் கிடைத்தது என்று அளந்தால்தான் அதன் பெறுமதி தெரியும். அதனால்தான் இதைப் பொறியியல் பீடத்திடம் மட்டும் விட்டுவிடக் கூடாது என்கிறேன். மனுசர் இயந்திரத்துக்குக் காத்திருக்க வேண்டுமா, இயந்திரம் மனுசருக்குக் காத்திருக்க வேண்டுமா என்பது சமூகவியல் கேள்வி.

"இப்பத்தான் எல்லாமே பின்னணியில ஓடுதே" என்று நீங்கள் சொல்லலாம். ஓடுது. எங்கட போனில், நாங்கள் கேக்காமலே, டேட்டாவையும் பற்றறியையும் தின்றுகொண்டு என்னென்னவோ ஓடுது. அதில் பாதி யாருக்காக ஓடுது என்றே எங்களுக்குத் தெரியாது. அன்றைக்குப் பின்னணியில் ஓடியது அந்த வீட்டுக்காரர் அச்சிடச் சொன்ன பக்கம் மட்டும்தான். அதை எந்த வரி ஓட்டுகிறது என்று தேடிப் பிடித்து அழிக்கவும் அவரால் முடிந்தது.

நாங்கள் இழந்தது பழைய கணினியை இல்லை. எங்கட நேரம் எங்கே போகுது என்று திறந்து பார்த்து, பிடிக்காவிட்டால் மாற்றுகிற உரிமையை. அதைத் திரும்பக் கேட்கப் பொறியியலாளராக இருக்க வேண்டியதில்லை.